குடியை விட்டவர் ‘பியர் சப்போர்ட்’ வேலைக்குப் போகலாமா? பெங்களூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். வயது 36, பெயின்டிங் மேஸ்திரி. குடியை விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. அவர் சிகிச்சை எடுத்த மறுவாழ்வு மையத்திலேயே ‘பியர் சப்போர்ட்’ (peer support), அதாவது குடியிலிருந்து மீண்டவரே மற்றவர்களுக்குத் துணை நிற்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது என்ன வேலை, படிப்பு வேண்டுமா, நாள் முழுக்கக் குடிப்பவர்கள் நடுவில் இருந்தால் தனக்கும் பழைய பழக்கம் திரும்பிவிடாதா என்று கேட்கிறார். மனைவி வேண்டாம் என்கிறாராம்.

நான் இதே ஊரில் பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். குடியை விட்டுப் பதினாலு வருடம். உங்கள் கேள்வியைப் படித்தபோது, அன்றைக்கு எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. ‘பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட்’ என்பது அமெரிக்காவிலிருந்து வந்த பதவிப் பெயர். அங்கே ஜார்ஜியா மாநிலம் 1999-ல் மனநலத் துறையில் இந்த வேலைக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. 2007-ல் அந்நாட்டு மத்திய அரசு மற்ற மாநிலங்களுக்கும் வழிமுறை அனுப்பியது. பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை எல்லாம் அங்கே வகுத்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியோடு நடக்கும் மறுவாழ்வு மையங்களில் ‘பியர் எஜுகேட்டர்’ என்று ஒரு பணி உண்டு. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் நடுவிலும் அதே பெயரில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். தனியார் மையங்களில் ரெக்கவரி கோச், வாலண்டியர், சீனியர் என்று ஆளுக்கொரு பெயர். பட்டப்படிப்பைவிட, குடியையோ போதையையோ விட்டு ஒன்றிரண்டு வருடமாவது ஆகியிருக்கிறதா, எழுதப் படிக்கத் தெரியுமா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். இரண்டுமே உங்களிடம் இருக்கிறது.

ஆனால் பெயர் இவ்வளவு தளர்வாக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. சில இடங்களில் ‘பியர்’ என்று எடுத்துக்கொண்டு வார்டன் வேலை வாங்குவார்கள். கதவைப் பூட்டுவது, சாவியை வைத்திருப்பது, முரண்டு பிடிப்பவரைப் பிடித்து அடக்குவது. நான் முதன்முதலில் அட்மிட் ஆன இடம் அப்படிப்பட்டதுதான். ஊருக்கு வெளியே ஒரு மாடிவீடு. என்னை அடித்தவனும் அங்கே முன்பு சிகிச்சைக்கு வந்தவன்தான். அவனுக்கும் என்னைப் போலவே கை நடுங்கிய காலம் இருந்திருக்கும். வெளியே வந்த நான்காம் நாள் குடித்தேன். எனவே உங்களைக் கூப்பிட்ட இடத்தில் முதலில் இதைக் கேளுங்கள்: “சாவி என் கையில் இருக்குமா?” ஆமாம் என்றால் அது வேறு வேலை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அதற்குள் வருகின்றன. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. தனியறையில் அடைத்து வைக்கவே கூடாது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ கைகாலைக் கட்டிப் போடக் கூடாது. சிகிச்சை எடுப்பவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு வருபவர்கள் இதைப் படித்தே ஆகவேண்டும். டாக்டர் இல்லாத நேரத்தில் வார்டில் இருப்பது நாம்தான்.

சரி, உண்மையான வேலை என்ன?

பலர் நினைப்பது, காலையில் வட்டமாக உட்கார வைத்து நம் கதையைச் சொல்வது என்று. அதுவும் உண்டு. புதிதாக வந்தவர், தலை குனிந்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். “எனக்கும் அப்போ காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு நைன்ட்டி (90 மில்லி) அடிச்சாதான் கை நிக்கும்” என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு நிமிடம் எந்த டாக்டராலும் தர முடியாதது. ஆனால் அதற்குமேல் நம் கதையை இழுத்துக்கொண்டே போனால் அவர் நமக்காகக் கேட்க ஆரம்பித்துவிடுவார். அவர் வாய் திறந்ததும் நம் வாயை மூட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

வேலையின் பெரும்பகுதி அவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் இருக்கிறது. மையத்தில் மூன்று நான்கு வாரம். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, தூக்கம், கவுன்சலிங். எல்லோருக்கும் அங்கே முகம் தெளிந்துவிடும். வீட்டில் பார்க்க வந்தவர்கள் அழுவார்கள். அப்புறம் அவர் திரும்பிப் போவது அதே ஓகலிபுரத்துச் சந்துக்கு, அதே கட்டட வேலைக்கு. சனிக்கிழமை பட்டுவாடா. கையில் வாரக்கூலி, கூடவே நாலு பேர், வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு ஒயின்ஷாப். கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தார்கள். அந்த இடத்தை 90 மில்லி அட்டைப் பாக்கெட் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், பாட்டில் சத்தம்கூட வராது. கூலி வேலை செய்கிறவரின் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைத் தாண்ட வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது மேஸ்திரியான உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் செய்தது ஒன்றைச் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். டைல்ஸ் போடும் ஒருவர் இரண்டு முறை சிகிச்சை முடித்து, இரண்டு முறையும் வீட்டுக்குப் போன இரண்டாவது சனிக்கிழமை குடித்தார். மூன்றாம் முறை அவரிடம் உபதேசம் எதுவும் பேசவில்லை. உட்கார்ந்து ஒரு காகிதத்தில் அவர் வேலையிடத்திலிருந்து வீடு வரைக்கும் வழியை வரைந்தோம். எந்தக் கடை எங்கே, எந்த முக்கில் யார் நிற்பார்கள், பஸ்ஸில் போனால் எந்த ஸ்டாப்பில் இறங்கலாம். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். கூலியைக் கையில் வாங்காமல் மனைவியின் போனுக்கு அனுப்பச் சொல்லிவிடலாம் என்று. கான்ட்ராக்டரிடம் இதைக் கேட்க அவருக்குக் கூச்சம். நான் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றேன், அவரே கேட்டார். முதல் ஆறு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் பண்ணினேன். ஏழாவது வாரம் அவர் எனக்குப் பண்ணினார். இதுதான் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது.

நடுவில் ஒருமுறை அவர் குடித்துமிருக்கிறார். மறுநாள் காலையில் சொன்னார். அவரால் என்னிடம் சொல்ல முடிந்ததே, அதற்காகத்தான் நான் அங்கே இருக்கிறேன். ஸ்லிப் ஆனவரைத் திட்டினால் அடுத்த முறை மறைப்பார். மறைக்க ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே போய்விடுவார்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் இது நம் வேலையில் பாதி. அல்சூர், மர்பி டவுன், நீலசந்திரா, உங்கள் ஸ்ரீராமபுரம் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கும் இடங்களிலிருந்து வருபவர்களுக்குத் தெருவில் பேசும் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் மனைவியை அடித்ததையும், மகளின் கம்மலை அடகு வைத்ததையும் கன்னடத்தில் சொல்ல வராது. டாக்டர் வட கர்நாடகத்துக்காரராக இருப்பார், அல்லது கேரளத்துக்காரராக இருப்பார். “எவ்வளவு குடிப்பீர்கள்?” என்றால் நம் ஆள் “கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்” என்பார். அந்தச் ‘சாப்பிடுவேன்’ என்ன, அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை என்று நமக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு நைன்ட்டி என்றால் 360 மில்லி. அந்தக் கணக்கு டாக்டருக்குச் சரியாகப் போனால்தான் மருந்தின் அளவு சரியாக இருக்கும். ஆனால் மொழிபெயர்க்கும்போது நம் கருத்தைச் சேர்க்கக் கூடாது. “இவர் பொய் சொல்றார் சார்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த மனிதர் அதன்பின் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார். “அண்ணே, நீங்க சொன்ன கொஞ்சம்னா எத்தனைன்னு டாக்டர் கேக்கறார்” என்று அவரையே சொல்லவைக்க வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். நாம் டாக்டர் இல்லை. ஆனால் எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட நமக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி குழம்பும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், வீட்டு ஆட்களையே யார் என்று கேட்பார்கள். இதைப் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் ஆளை இழந்த வீடுகள் உண்டு. இது உயிர் போகும் அவசரம், உடனே ஆஸ்பத்திரி. நம் ஆட்கள் மாலை போடும்போதும் கோயிலில் கயிறு கட்டும்போதும் இதே சிக்கல்தான். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக் கொண்டு அன்றோடு நிறுத்துவார்கள். நான் பக்திக்கு எதிரி இல்லை. ஐயப்பன் மாலை 48 நாள் ஒருவரைத் தாங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். மாலை கழற்றும் நாளுக்கு அடுத்த ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே இருங்கள்.

இன்னொன்று, வீட்டுப் பெண்கள் நம்மைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: “அண்ணா, அவருக்குத் தெரியாம சாப்பாட்டில கலந்து குடுக்கற மாத்திரை இருக்காமே?” அவர்கள் சொல்வது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் விஷம் கொடுப்பதற்குச் சமம். அந்தப் பெண் எவ்வளவு நொந்துபோய் இதைக் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கோபப்படாமல், கையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி சொல்லுங்கள்.

இப்போது குடியோடு நிற்பதில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் பையன்கள் வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு, போதைக்கான தவிப்பை அடக்க, புப்ரெனார்ஃபின் மாதிரி மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். “அதுவும் போதைதானே, விட்டுடு” என்று நம் வாயிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது. விட்டிருந்த பையன் பழைய அளவையே திரும்பப் போட்டால், உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் மூச்சே நின்றுபோகலாம். டிஸ்சார்ஜ் நாளன்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் பயம். பழைய பழக்கம் திரும்புமா?

வாடையிலோ அவர்கள் கதையிலோ எனக்கு ஆபத்து வரவில்லை. வேறு இடத்திலிருந்து வந்தது. மூன்றாம் வருடம் ஒரு பையனை என் தம்பி மாதிரி நினைத்துவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தால் ஓடுவேன். அவன் அம்மாவுக்குக் கடன் கொடுத்தேன். அவன் குடிக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் என் சாதனை என்று உள்ளுக்குள் நினைத்தேன். எட்டு மாதம் கழித்து அவன் குடித்தான். அன்று சாயங்காலம் நான் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்கு எதிரில் இருபது நிமிடம் நின்றேன். என் ஸ்பான்சர், அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர், போனை எடுத்ததால் வீட்டுக்குப் போனேன். அவன் குடித்தது எனக்கு ஏற்பட்ட தோல்வி என்றால், அவன் குடிக்காமல் இருந்ததும் என் சொத்து என்றாகிவிடுகிறது. இரண்டுமே அவனுடையவை. அன்றிலிருந்து பணம் கொடுப்பதில்லை. ராத்திரி பத்துக்கு மேல் வேலை போனை அணைத்துவிடுவேன். அவசரத்துக்கு என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இரண்டு எண்களை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. டெலி-மனஸ் 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம்.

அதனால் உங்களுக்கென்று ஒரு இடம் வேலைக்கு வெளியே இருக்க வேண்டும். நீங்கள் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவர் என்றால், வேலையிடத்தில் நடக்கும் கூட்டத்தை உங்கள் கூட்டமாக எண்ணாதீர்கள். அங்கே நீங்கள் ஸ்டாஃப். வேறொரு ஏரியாவில், வெறும் உறுப்பினராக உட்காருங்கள். ஏ.ஏ.யின் எட்டாவது மரபு, அந்த உதவி தொழிலாக மாறக் கூடாது என்கிறது. குடியை விட்டவர் இன்னும் குடிப்பவருக்குக் கைகொடுப்பதை அங்கே ‘பன்னிரண்டாம் படிப் பணி’ என்பார்கள், அதற்குக் கூலி கிடையாது. எனவே நீங்கள் சம்பளம் வாங்கிப் பார்க்கும் ஒருவருக்கே ஸ்பான்சராகவும் இருக்காதீர்கள். எல்லோரையும் ஏ.ஏ.வுக்குள் தள்ளவும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளைப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, முழுதாகக் குடியை விட்டு இருப்பதில் மற்ற சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ இருக்கிறது என்றது. எனக்கு உயிர் கொடுத்ததும் அதுதான். ஆனாலும் சிலருக்குச் சர்ச் போதும், சிலருக்கு மருந்தும் மனைவியும் போதும். அவருடைய வழியில் அவர் போகட்டும்.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மேஸ்திரியாக நீங்கள் சம்பாதிப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். சில இடங்களில் “உனக்கு உயிர் கொடுத்த இடம்” என்று சொல்லிச் சும்மாவே வேலை வாங்கப் பார்ப்பார்கள். நன்றி வேறு, கூலி வேறு. நியமனக் கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை, பஸ் செலவு, போன் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மாதம் இரண்டு முறையாவது ஒரு சீனியர் கவுன்சலரோடு உட்கார்ந்து உங்கள் மனதில் இருப்பதைப் பேச நேரம் தருவார்களா என்று அதைவிட முக்கியமாகக் கேளுங்கள். நீங்களே ஒருநாள் சறுக்கினால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். “உடனே வெளியே” என்கிற இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். லீவும் சிகிச்சையும் கொடுத்து, பிறகு பேசலாம் என்கிற இடமாகத் தேடுங்கள்.

நீங்கள் படித்தவர்கள் நடுவில் கூச்சப்படுவீர்கள் என்று தோன்றுகிறது. ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மாதிரி பெரிய இடங்களில் இதற்கென்றே தனி மையமும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானபோது, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருந்தார்கள். மீதி 37 பேர் ஓசூர் ரோட்டைத் தாண்டி அந்த வாசலுக்கு வருவதில்லை. அவர்கள் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் பக்கத்தில். அவர்களிடம் பேசத் தெரிந்தவர் நீங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. குடிக்கும் பெண்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், மையத்துக்கு வருவது மிகக் குறைவு. ஆணான நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றால் அக்கம்பக்கத்தில் அவர்கள் பெயர்தான் கெடும். அங்கே பெண் பியர்தான் போக வேண்டும். உங்கள் கூட்டத்தில் மீண்டு வந்த அக்கா யாராவது இருந்தால் இந்த வேலையைப் பற்றி அவரிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. அவர் வேண்டாம் என்பதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டரை வருடமாக நிம்மதியாகத் தூங்குகிறார், அந்தத் தூக்கம் போய்விடுமோ என்று பயப்படுகிறார். “எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று சத்தியம் செய்யாதீர்கள். குடித்த காலத்தில் நாம் பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியங்களையெல்லாம் அவர்கள் எண்ணி வைத்திருப்பார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போங்கள், கவுன்சலரிடம் அவரே கேள்வி கேட்கட்டும். ஏற்கெனவே அங்கே பியராக இருக்கிறவரின் மனைவியோடு ஒரு அரைமணி நேரம் பேசட்டும். என் வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு: என் நடவடிக்கையில் மாற்றம் தெரிந்தால் என்னைக் கேட்காமலே என் ஸ்பான்சருக்கு அவள் போன் பண்ணலாம். பதினொரு வருடத்தில் இரண்டு முறை பண்ணியிருக்கிறாள்.

பெயின்டிங் வேலையை உடனே விடாதீர்கள். மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு நாள் சனிக்கிழமையாக இருக்கட்டும்.